பிணைக் கையெழுத்து

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பாதையில், மருதம்பிட்டிச் சந்தியில் ஒரு நூலகம் இருந்தது. இப்போது இல்லை. பெரிய கட்டடம் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு அறையும் ஒரு விறாந்தையும்தான். இரண்டாயிரத்து இரண்டு தொடங்கி, சமாதான காலம் என்று சொல்லிக்கொள்கிற அந்தச் சில வருடங்களில் அங்கே நூலகராக இருந்தவள் ஸக்கியா. ஊரில் அவளைப் பற்றிக் கேட்டால், பெற்ற தகப்பனையே நூலக வாசலில் மறித்தவள் என்றுதான் முதலில் சொல்வார்கள். மறித்தது உண்மை. ஏன் மறித்தாள் என்று சொல்லத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தகப்பன் அன்ஸார் அதே சந்தியில் புடவைக்கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். ஆனாலும் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனால் புத்தகம் வாங்காமல் திரும்பமாட்டார். வாங்கிய புத்தகத்துக்குக் கடையில் மிஞ்சிய சேட்டுத் துணியை அளந்து வெட்டி, கோதுமை மாவில் பசை காய்ச்சி, உறை ஒட்டுவார். கோடு போட்ட துணி, கட்டம் போட்ட துணி, சிறு பூப் போட்ட துணி. வீட்டு அலுமாரியைத் திறந்தால் அங்கேயும் ஒரு புடவைக்கடை இருக்கிறது என்று ஸக்கியாவின் உம்மா கேலி பண்ணுவா. அன்ஸாருக்கு அது பெருமை.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம்கள் எல்லோரையும் வடக்கை விட்டுப் போகச் சொன்னார்கள். சொன்ன இயக்கத்துக்காரரின் தோளில் துவக்கு இருந்தது, ஆகையால் ஏன் என்று கேட்க முடியவில்லை. எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதற்கும் அளவு வைத்தார்கள். புத்தகம் அந்த அளவுக்குள் வராது. அன்ஸார் அலுமாரியைப் பூட்டிவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில் கிடைத்தது. அதற்குள்ளேயே உம்மா நோயில் விழுந்து மௌத்தானா. அந்தக் கொட்டிலுக்கு வந்த சம்பந்தங்கள் ஒன்றும் ஸக்கியாவுக்குப் பொருந்தவில்லை. பிறகு அவளும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

போவதற்கு முன் அவள் மருதம்பிட்டி நூலகத்தில்தான் உதவியாளராக இருந்தாள். அரச வேலை என்பதால் புத்தளத்தில் ஒரு நூலகத்தோடு இணைத்து வைத்திருந்தார்கள். சண்டை நின்று பாதை திறந்த அடுத்த வருடம், பழைய இடத்துக்கே நூலகராகப் போக விருப்பமா என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்ல அவள் ஒரு இரவுகூட யோசிக்கவில்லை. பழைய நூலகர் வீரகத்தி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

வேலைக்கு வந்த முதல் நாள், தட்டுகளைத் துடைக்க உள்ளறைக்குப் போனவள், கடைசித் தட்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். கோடு, கட்டம், பூ. வாப்பாவின் அலுமாரி முழுவதும் அங்கே இருந்தது. ஒன்றை இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். நூலகத்தின் பெயர் பொறித்த வட்ட முத்திரை. அதற்குக் கீழே, ஊதா மையில், இன்னொரு முத்திரை: அன்பளிப்பு.

பிரதேச சபைச் செயலாளர் பரமேஸ்வரனிடம் போய்க் கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை.

"நீங்கள் போன கையோட உங்கட வீட்டுப் பூட்டுகளை உடைச்சுப் போட்டினம், ஸக்கியா. கடையள்ல கடலைக்குச் சரை சுத்தக் கடதாசி இல்லாத காலம். புத்தகத்தைக் கிழிச்சுச் சரை சுத்தத் தொடங்க, வீரகத்தியர் வண்டிலைக் கொண்டுபோய் மிச்சத்தை ஏத்திக்கொண்டு வந்தவர். சீல் இல்லாட்டி ஆரும் தூக்குவினம் எண்டு குத்தினவர். அவரிட்ட ரெண்டு சீல்தான் இருந்தது. ஒண்டு கொள்வனவு, மற்றது அன்பளிப்பு. காசு குடுத்து வாங்கேல்லைத்தானே."

"வாப்பா அன்பளிக்கவும் இல்லையே, ஐயா."

பரமேஸ்வரன் எழும்பிக் கதவைச் சாத்தினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. குரலைத் தாழ்த்தி, "கறையான் அரிச்சது எண்டு எழுதிக் கழிச்சுப்போட்டு வீட்ட கொண்டு போங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

"கறையான் அரிக்கேல்லையே."

"உங்களோட கதைக்க ஏலாது" என்று அவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீரகத்தி இல்லாவிட்டால் அந்தப் புத்தகங்களில் கடலை சுற்றியிருப்பார்கள். அதற்கு அவள் நன்றி உடையவளாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த ஊதா எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரிந்தது. பறிகொடுத்தவனைக் கொடையாளி ஆக்கி வைத்திருக்கிறது ஒரு றப்பர் துண்டு. சரி, எடுத்துக்கொண்டு போவோம் என்றால் அதுவும் முடியவில்லை. திரும்பி வந்த நூலகர் புத்தகத்தை வீட்டுக்குக் கடத்துகிறாள் என்று ஒரு கதை எழும்பினால், அது அவளோடு நிற்காது. திரும்பி வர நினைக்கிற ஒவ்வொரு முஸ்லிம் குடும்பத்தின் தலையிலும் விழும். இன்னொன்றும் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளறைக்கு வந்தால் நேரே அந்தத் தட்டுக்குத்தான் போனார்கள். 'சட்டை போட்ட புத்தகம்' என்று அவற்றுக்குப் பேரும் வைத்திருந்தார்கள். அந்தத் துணி உறைகளின் ஓரம் கறுத்துப் போயிருந்ததெல்லாம் அவர்களுடைய கைபட்டுத்தான்.

வீட்டின் கதையும் இதே கதைதான். அதில் முத்துலிங்கமும் சுப்பம்மாவும் இருந்தார்கள். மலையகத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவர்கள் இருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது வன்னிக்கு ஓடிவந்தவர்கள். வன்னியிலும் சண்டை துரத்தத் துரத்தக் கொட்டில் மாறி, கடைசியில் ஆளில்லாமல் கிடந்த அன்ஸார் வீட்டில் அவர்களைக் குடியிருத்தினார்கள். கூரையை வேய்ந்து, கிணற்றை இறைத்து, வீட்டுக்குரிய சோலைவரியையும் அவர்களே சபைக்குக் கட்டிவந்தார்கள். அவர்களுக்குக் காணி கிடைத்ததும் எழும்பிவிடுவார்கள், பொறுங்கள் என்று ஸக்கியாவுக்குச் சொல்லப்பட்டது. அவள் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாள்.

அடுத்த வருடம் வைகாசியில் அன்ஸார் வந்தார். வந்த அன்று தன் வீட்டுப் படலைக்கு முன்னால் போய் நின்றார். சுப்பம்மா ஓடிவந்து, "உள்ள வாங்க, ஐயா" என்றாள். அவர் உள்ளே போகவில்லை. யாரையும் ஏசவும் இல்லை. திரும்பி நேரே நூலகத்துக்கு நடந்தார்.

ஸக்கியா புத்தளம் போன நேரமெல்லாம் புத்தகங்கள் பத்திரமாக இருப்பதைச் சொல்லியிருந்தாள். முத்திரை பற்றியும் சொல்லியிருந்தாள். சொன்னதும் எடுத்துக்கொண்டு வா என்பார். இவள் ஏலாது என்பாள். அதோடு தகப்பனும் மகளும் முகம் கொடுத்துப் பேசாமல் பஸ் ஏறும் வரை இருப்பார்கள். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு நூலகமே இருந்தது.

காலை நேரம். விறாந்தை வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்து பேப்பர் பார்க்கிற ஆட்கள் இருந்தார்கள். காணி பற்றி ஏதாவது அறிவித்தல் வருமா என்று தினமும் வந்து பார்க்கிற முத்துலிங்கமும் அவர்களுக்குள் இருந்தான். அன்ஸார் ஒருவரையும் பார்க்காமல் உள்ளறைக்குப் போனார். திரும்பி வரும்போது நீலக் கோட்டுத் துணி போட்ட தடித்த புத்தகம் ஒன்று அவருடைய கமக்கட்டில் இடுக்கியபடி இருந்தது. பழைய காலத்துக் கடற்பயணங்களைப் பற்றியது. ஸக்கியா சிறு பிள்ளையாக இருந்தபோது கடை பூட்டிவந்து அவர் எடுத்து வைத்துக்கொள்கிற புத்தகம் அது. நேரே வாசலுக்கு நடந்தார்.

ஸக்கியா கதிரையை விட்டு எழும்பி வாசலில் வந்து நின்றாள்.

"வாப்பா, அதை வைச்சிட்டுப் போங்கோ."

"விலத்து."

"ஏலாது வாப்பா. எழுதாமல் ஒரு புத்தகமும் வெளியில போகாது."

பேப்பர் வாசித்த ஆட்கள் எல்லாரும் பேப்பரை இறக்கிவிட்டார்கள். அன்ஸாரின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"என்ர வீட்டில மற்றாக்கள் இருக்கினம். என்ர புத்தகத்தில மற்றாக்கள்ட சீல் கிடக்கு. இப்ப நீயும் அவையளுக்குக் காவல் நிக்கிறாய். நீ ஆற்ற மகள்?"

அவள் விலகவில்லை. "உங்கட மகள்தான். இரவல் எடுத்துக்கொண்டு போங்கோ. நானே எழுதித் தாறன்."

"என்ர புத்தகத்தை எனக்கு இரவலோ?"

அவர் புத்தகத்தை மேசையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். பிறகு, "சரி, எழுது" என்றார். மகளைத் தோற்கடித்துவிட்டு அந்த வாசலைத் தாண்ட அவருக்கு மனம் வரவில்லை போலும். அல்லது புத்தகத்தை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டில் எது என்று ஸக்கியா கடைசிவரை கேட்கவில்லை.

ஆனால் எழுதுவதற்கும் ஒரு தடை இருந்தது. அங்கத்தவர் ஆகாமல் இரவல் இல்லை. அங்கத்தவர் ஆக வேண்டுமானால் அந்தச் சபைக்குச் சோலைவரி கட்டுகிற ஒருவர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும். ஸக்கியா வாடகைக்கு இருப்பவள், அவளால் முடியாது. அன்ஸாரின் பழைய கூட்டாளிகளில் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள், மிச்சம் கனடாவில்.

"எனக்குப் பிணை வேணுமாம்" என்று அன்ஸார் வாங்குகளைப் பார்த்துச் சொன்னார். "இந்தச் சந்தியில பிறந்தவனுக்கு."

இறக்கிய பேப்பர்களை ஆட்கள் மறுபடி முகத்துக்கு நேரே தூக்கினார்கள். பிணை நிற்க விருப்பமில்லாமல் அல்ல. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது அவர்களுக்கு. அப்போது வாங்கின் கடைசியிலிருந்து முத்துலிங்கம் எழுந்தான். பேப்பரை ஒழுங்காக மடித்து வைத்தான்.

"நா போடுறேங்க கையெழுத்து."

அன்ஸார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சற்று முன் படலைக்குள் கேட்ட அதே மலையகப் பேச்சு. "வேலிக்கு ஓணான் சாட்சி" என்றார் கசப்போடு.

"அப்புடித்தாங்கய்யா வெச்சுக்குங்க. ஒங்க வீட்டுக்கு வரி கட்டுறது நாந்தான. அந்த வரியில ஒங்களுக்கு ஒரு கையெழுத்து வராட்டி, நா அத யாருக்காகக் கட்டுனேன்?"

ஸக்கியா படிவத்தை எடுத்தாள். விண்ணப்பதாரரின் விலாசம் என்ற இடத்தில் அவள் பேனை நின்றது. "என்ன விலாசம் போட, வாப்பா?"

"என்ர வீட்டு விலாசம்."

எழுதினாள். கீழே பிணையாளியின் விலாசம். முத்துலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதையும் எழுதினாள். ஒரே தாளில் ஒரே விலாசம் இரண்டு தடவை. அதற்குக் கீழே அச்சடித்த வாசகத்தை அன்ஸார் கண்ணாடியைப் போட்டுச் சத்தமாக வாசித்தார்.

"'மேற்படி நபர் ஊரை விட்டு நீங்கினால், அவர் பெற்ற நூலுக்கு நானே பொறுப்பு.'" தலையை நிமிர்த்தி, "வாசிச்சனீரோ?" என்று கேட்டார்.

"வாசிச்சேங்கய்யா. நாங்களும் ரெண்டு ஊர விட்டு நீங்குனவங்கதான்" என்றான் முத்துலிங்கம். கையெழுத்தும் வைத்தான்.

இதுதான் மறித்த கதை. இதற்குப் பிறகு நடந்ததை ஊர் சொல்லாது. அதில் சண்டை இல்லை.

அன்ஸார் மகளோடு தங்கிய தகர அறைக்குள் பகலிலும் வெளிச்சம் காணாது. நாலைந்து நாள் கழித்து முத்துலிங்கம் வந்து, "அங்கன வந்து வாசிங்கய்யா, வெளிச்சமா இருக்கும்" என்றான். அன்ஸார் முதலில் கேட்காதது போல் இருந்தார். பிறகு ஒரு நாள் பின்னேர அஸர் தொழுகை முடிந்து அந்தப் பக்கம் நடந்தார். தன் வீட்டு விறாந்தையில், அடுத்தவன் கதிரையில் உட்கார்ந்து, இரவல் எடுத்த தன் புத்தகத்தை வாசித்தார். சுப்பம்மா வெறுந்தேத்தண்ணி வைத்தாள். தன் உடுப்பு வைத்திருந்த அன்ஸாரின் பழைய அலுமாரியில் ஒரு தட்டை வெறுமையாக்கி, "பொஸ்தகத்த இதுல வெச்சுட்டுப் போங்கய்யா, தூக்கிக்கிட்டுத் திரிய வேணாம்" என்றாள். வீட்டைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. எப்போது எழும்புவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எப்போது எழுப்புவீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அன்ஸார் புத்தகத்தோடு நூலகத்துக்கு வந்து, வரிசையில் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, மகளிடம் தேதி குத்திக்கொண்டு போவார். வேறு புத்தகங்களும் எடுத்தார். நீலக் கோட்டுப் புத்தகத்தை மட்டும் விடவேயில்லை.

இரண்டாயிரத்து ஆறு பிறந்ததும் பாதைகளில் குண்டு வெடிக்கத் தொடங்கிவிட்டது. அன்ஸாருக்கும் நெஞ்சு நோவு வந்தது. வைத்தியத்துக்கென்று சித்திரையில் புத்தளம் போனவர், ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. தகப்பனைப் பார்க்க ஆள் இல்லை என்று தகவல் வர, ஸக்கியாவும் புத்தளத்துக்கு மாற்றம் கேட்டாள். ஆடி மாதம் அனுமதி கிடைத்தது. பொறுப்பை ஒப்படைக்கும் முன், வெளியில் இருக்கிற புத்தகங்களை எல்லாம் கேட்டு வாங்க வேண்டும். எல்லாம் வந்தன, ஒன்றைத் தவிர. வாப்பா அதைப் பையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். கொண்டுபோகட்டும் என்று மனதில் ஒரு மூலையில் சந்தோசமும் பட்டாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. பிணையாளிக்கு ஒரு அறிவித்தல் எழுதினாள். தான் பிறந்த வீட்டின் விலாசத்தைத் தபால் உறையில் எழுதும்போது கண் நிறைந்து எழுத்துத் தெரியவில்லை.

மறுநாள் முத்துலிங்கம் வந்தான். கையில் புத்தகம்.

"ஐயா கொண்டு போகலம்மா. அலுமாரியிலயே வெச்சிட்டுத்தான் போனாரு. 'நா வாற வரைக்கும் இது இந்தத் தட்டுல இருக்கட்டும், கைவெக்காதே'ன்னு சொன்னாரு. நா பிணை நின்னவன், நீங்க கேட்டா குடுக்கணுமில்ல. அதான் எடுத்தாந்தேன்."

ஸக்கியா புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்தாள். நாளை அவள் பஸ் ஏறுகிறாள். பையில் இடம் இருந்தது. கொண்டுபோய் வாப்பாவின் கட்டிலில் வைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. பரமேஸ்வரனே ஏற்றி அனுப்புவார். ஆனால் கொண்டுபோக வாப்பாவுக்கும் கை இருந்தது. அவர் கொண்டுபோகவில்லை. இவ்வளவு நாளும் அவர் கேட்டது புத்தகத்தை அல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அலுமாரியில், அந்த வீட்டில், தன் பொருள் ஒன்று தன் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதை அவள் வாசலில் மறித்திருக்கிறாள். மனது மிகவும் வலித்தது.

புதுப்பிக்க வேண்டுமானால் வாசகர் நேரில் வர வேண்டும். அது அவள் சுவரில் ஒட்டியிருந்த சட்டம். அவள் தேதி முத்திரையை எடுத்து, மையில் அழுத்தி, குத்தினாள்.

"திரும்ப அந்தத் தட்டிலேயே வையுங்கோ."

முத்துலிங்கம் தேதியைப் பார்த்தான். "அதுக்குள்ள ஐயா வந்துருவாரா?"

"வராட்டி நீங்கள் கொண்டுவந்து காட்டுங்கோ. இஞ்ச இருக்கிறவை குத்தித் தருவினம்."

"நீங்க?"

"நான் போறன்" என்றாள். முத்துலிங்கம் புத்தகத்தைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

அவள் போன அடுத்த மாதம் பாதை பூட்டப்பட்டது. பிறகு சண்டை மருதம்பிட்டிக்கும் வந்தது. சனம் கிழக்கே கடற்கரைப் பக்கம் தள்ளப்பட்டது. இரண்டாயிரத்து ஒன்பதில் எல்லாம் முடிந்ததும் மிஞ்சியவர்களை வவுனியாவில் முள்கம்பி முகாம்களுக்குள் அடைத்தார்கள். அங்கே உறவுக்காரரைப் பார்த்துவந்த ஒருவர் ஸக்கியாவிடம், சந்தியில் கூரையோடு ஒரு வீடும் நிற்கவில்லை என்று சொன்னார். முத்துலிங்கத்தையும் சுப்பம்மாவையும் பற்றிக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. ஸக்கியா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

அன்ஸார் அப்போது படுக்கையில். யாரும் அவருக்குச் செய்தி சொல்லவில்லை. ரேடியோவையும் அவருக்குக் கேட்காமல் வைத்திருந்தார்கள். ஒரு பின்னேரம், கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மகள், அந்தக் கடல் புத்தகம் எங்க?"

கறையான் அரிக்காத புத்தகத்தைக் கறையான் அரித்தது என்று எழுத மறுத்தவள் அவள். கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

"வீட்டில இருக்கு, வாப்பா."

"கெடு முடிஞ்சிருக்குமே."

"இன்னும் முடியேல்லை."

"அப்ப அவசரமில்லை" என்றார் அன்ஸார்.